மிஸ் மார்வா சொன்ன முப்பது நாள்

டேட்டன் நகரத்துக்கு எந்தப் பெரிய ஆட்டக்காரனும் தானாக ஆசைப்பட்டு வந்ததில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமொன்றும் கிடையாது. இங்கே கடற்கரை இருக்கிறதா, சினிமாக்காரர்கள் இருக்கிறார்களா, பிப்ரவரி மாதத்தில் வெயில்தான் இருக்கிறதா? மூடிப்போன கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஓர் ஆறு இருக்கிறது, ஆட்டம் நடக்கிற நாளிலும் பாதி காலியாகக் கிடக்கிற ஒரு கூடைப்பந்து அரங்கம் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரன் எவனிடமாவது "வாப்பா" என்றால், மரியாதையாகச் சிரித்துவிட்டு மயாமிக்குப் போய்விடுவான்.

ஆகவே எங்கள் அணியான டேட்டன் மில்லர்ஸ் வேறு விதமாகப் பிழைத்தது. லீக்கில் ஒவ்வோர் அணியும் மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று ஒரு வரம்பு உண்டு. பெரிய ஊர் அணிகள் எப்போதும் அந்த வரம்பில் தலை முட்டி நிற்கும். எங்களுக்கோ வரம்புக்குக் கீழே எக்கச்சக்கமாகக் காலி இடம். முட்டி தேய்ந்தவன், வயசானவன், கோச்சோடு முறைத்துக்கொண்டவன் என்று தங்களுக்கு வேண்டாத ஆளைச் சம்பளத்தோடு எங்கள் தலையில் கட்டுவார்கள். அதற்குக் கூலியாக, வரும் வருடங்களில் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும்போது தங்கள் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். வீட்டில் சாமான் இல்லாதவன் அறையை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிற மாதிரிதான். பெரிய ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் எங்களைக் குப்பைக் கிடங்கு என்று எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். அந்தக் கிடங்கில் வந்து இறங்குகிறவை மனித உடம்புகள் என்பது மட்டும் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

மார்வா டிப்ஸுக்கு உறைத்தது. அவள் அப்போது அரங்கத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மைக் தேவைப்படாத குரல். ஒரு குளிர்காலத்தில், வேறு அணியிலிருந்து மாற்றப்பட்டு வந்த பையன் ஒருவன் விமான நிலையத்தில் அனாதையாக நிற்கிறான், அழைத்துவர யாருமில்லை என்று தெரிந்ததும் தன் காரை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டிவந்து சாப்பாடு போட்டு, தன் வீட்டு சோபாவில் படுக்க வைத்தாள். சோபா கொள்ளாமல் கால் இரண்டும் வெளியே தொங்கின. மறுநாள் அலுவலகம் அவளுக்கு ஒரு மேஜை கொடுத்தது. அன்றிலிருந்து அதுதான் அவள் வேலை.

என்ன வேலை என்றால், வந்து இறங்குகிறவனை அழைத்து வருவது, வீடு பார்ப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பது, கறுப்புப் பையன்களின் முடியைக் கெடுக்காமல் வெட்டத் தெரிந்த பார்பரைக் காட்டுவது. இதெல்லாம் மேலோட்டம். உண்மையான வேலை, அழுகிற பெண்டாட்டிகளிடம் பேசுவது. "மிஸ் மார்வா, நாங்க இங்க எத்தனை நாள் இருப்போம்? பெட்டியைப் பிரிக்கலாமா?" என்று கேட்பார்கள். மார்வா அலுவலகத்துக் காற்றை மோந்து பார்த்தே பதில் சொல்லுவாள். "திரைச்சீலை வாங்காதே, கண்ணு" என்றால் சீக்கிரம் கிளம்பவேண்டி வரும் என்று அர்த்தம். "தோட்டத்துல தக்காளி போடு" என்றால் ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. அவள் சொல் தப்பியதில்லை. மேனேஜர் சொல்வதை எவனும் நம்பமாட்டான். மிஸ் மார்வா சொன்னால் சரி. கட்டின புருஷன் ஒருத்தன் இருந்தான், அட்லாண்டாவுக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான். அதற்கப்புறம் அவளுக்கு இந்தப் பிள்ளைகள்தான் குடும்பம்.

ரோலண்ட் டீக்ஸும் அப்படிக் குப்பையோடு குப்பையாக வந்தவன்தான். மிசிசிப்பிக்காரன். ஆறடி ஒன்பது அங்குல உயரம், அதற்கு நேர்மாறாக நாலு வார்த்தைப் பேச்சு. வந்த வாரமே நீக்கிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். ஏனோ நீக்கவில்லை. அவன் பெண்டாட்டி இவெட் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். மார்வாவும் அவளும் சேர்ந்தால் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இரண்டு வருடம் கழித்து இவெட்டுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சை எங்கள் ஊரிலேயே. டாக்டரம்மா ஒருத்தி கிடைத்தாள், இவெட் அவளை விட்டு நகரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ரோலண்டுக்கும் வேறு யோசனை இல்லை. கோடைக்குக் கோடை அணிக்கு வந்து, லீக்கிலேயே குறைந்த சம்பளத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போவான். "இதுக்கு எதுக்கு ஏஜென்ட்?" என்று ஒப்பந்தம் பேசிக் கொடுக்கிற ஏஜென்டையும் அனுப்பிவிட்டான். ஆட்டத்தில் நாலு நிமிடம் இறக்குவார்கள், மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவான். அதுபற்றி அவனுக்கு வருத்தமே இல்லை. அணியில் பெயர் இருக்கும்வரை மருத்துவக் காப்பீடு இருக்கும். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் பிப்ரவரியில், ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் நெருங்கிய வாரம், ஜெனரல் மேனேஜர் லிண்ட்ஹோம் மார்வாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசுக்காரர், கிழக்கே பெரிய படிப்பெல்லாம் படித்தவர், குரலை உயர்த்தாத மனுஷன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கேலன் ப்ரூயிட் நமக்குக் கிடைப்பான் போலிருக்கு, மார்வா."

ப்ரூயிட்டுக்கு இருபத்துமூன்று வயசு. அந்த மாதிரி ஆட்டக்காரன் டேட்டன் சட்டையைப் போட்டு எங்கள் ஊரே பார்த்ததில்லை. அவனுடைய அணி சம்பள வரம்புக்கு மேலே போய் அபராதம் கட்டிக் கட்டி நொந்துபோய், அவனைத் தள்ளிவிடத் தயாராகிவிட்டது. எங்கள் காலி இடத்துக்கு இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம்.

"இடம் கொஞ்சம் பத்தலை. ஒரு சின்னச் சம்பளத்தை வெளியே அனுப்பினா சரியா வந்துடும். ரோலண்டோட சம்பளம் கச்சிதமா பொருந்துது."

தராசு சமமாக நிற்கக் கடைசியில் போடுகிற சின்ன எடைக்கல் இருக்கிறதல்லவா, அதுதான் ரோலண்ட்.

"அவனை ஏன் அனுப்பணும்? வேற ஆளே இல்லையா?" என்றாள் மார்வா.

"மத்தவங்க சம்பளம் பெரிசு, இல்லேன்னா நமக்கு வேணும். ஆனா ஒரு சிக்கல். அதே அணியில ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டவனை அவன் சம்மதம் இல்லாம மாத்த முடியாது. காலையில கேட்டேன். முடியாதுன்னுட்டான்."

"பின்ன என்ன செய்வான்? பொண்டாட்டி படுக்கையில கிடக்கா. அவளை விட்டுட்டு எங்க போவான்?"

"போகவே வேண்டாமே. அவங்களுக்கு அவன் தேவையில்லை. பேப்பர்லதான் போவான், நாளைக்கே நீக்கிடுவாங்க."

மார்வாவின் முகம் மலர்ந்தது. "அடடே, முப்பது நாள் சமாசாரமா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

லிண்ட்ஹோம் பேனா மூடியைத் திருகினார். ஜன்னலைப் பார்த்தார். "இதெல்லாம் எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா, மார்வா?" என்றார்.

முப்பது நாள் சமாசாரம் என்பது லீக்கில் எல்லாரும் கண்டும் காணாமல் விட்டுவந்த ஒரு பழக்கம். கணக்குச் சரிக்கட்ட ஓர் ஆளை அடுத்த அணிக்கு அனுப்புவார்கள். அங்கே அவனை உடனே நீக்குவார்கள். முப்பது நாள் வீட்டில் இருந்துவிட்டுப் பழைய அணிக்கே வந்து சேர்ந்துகொள்வான். லமார் ஹேய்ஸ் என்ற பையன் அப்படித்தான் போய் வந்தான். அவன் பெண்டாட்டி வீட்டைக்கூடக் காலி செய்யவில்லை. மார்வாதான் இருக்கச் சொன்னாள். பையன்கள் அதைப் பனிக்கால லீவு என்பார்கள்.

அன்று மாலையே பொரித்த கோழியும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு மார்வா ரோலண்ட் வீட்டுக்குப் போனாள். இவெட் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முடியில்லை, நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"கோழி வாசனை வருதே. மிஸ் மார்வா ஏதோ கெட்ட சேதி கொண்டு வந்திருக்காங்க" என்றாள்.

"வாயை மூடுடி. நல்ல சேதிதான்."

மார்வா விவரம் சொன்னாள். ரோலண்ட் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். இவெட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது நாள் இந்த மனுஷனை முழு நேரமும் வீட்டுல வெச்சு மேய்க்கணுமா? அதுக்கு எனக்கு என்ன குடுப்பாங்களாம்?"

"லிண்ட்ஹோம் எழுதிக் குடுப்பாரா?" என்றான் ரோலண்ட்.

"அதை எவன் எழுதுவான், கண்ணு? எழுதினா ரூல் மீறினதா ஆயிடும், அணிக்கு அபராதம் போடுவான். இது சொல்லாமச் செய்யற விஷயம். லமார் எழுதியா வாங்கினான்?"

ரோலண்ட் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "அவ பக்கத்துல நான் இருக்கணும், மிஸ் மார்வா. காப்பீடு அறுந்துடக் கூடாது. எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம். நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்" என்றாள் மார்வா.

மறுநாள் காலை அவன் கையெழுத்துப் போட்டான். மத்தியானம் ப்ரூயிட் எங்கள் ஆளானான். ஊரே தெருவுக்கு வந்துவிட்டது.

ரோலண்டை ப்ரூயிட்டின் பழைய அணி பேச்சு மாறாமல் நீக்கியது. நீக்கிய பிறகும் கொஞ்ச காலம் காப்பீடு ஓடும் என்பதால் அதுபற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. அந்த ஒரு மாதம் அவர்கள் இருவரும் வாழ்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வருடத்தில் பாதி நாள் விமானத்திலும் ஹோட்டலிலும் கிடந்தவன், முதல்முறையாகக் காலையும் மாலையும் வீட்டில் இருந்தான். சூப் வைக்கக் கற்றுக்கொண்டு இரண்டு பாத்திரத்தைக் கரிக்கட்டையாக்கினான். இவெட்டைக் கையில் தூக்கிக்கொண்டுபோய் காரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவான். "கல்யாணமான புதுசுல தூக்க மாட்டேன்னான், இப்ப தூக்கறான் பாருங்க" என்று அவள் மார்வாவிடம் புகார் சொல்லுவாள். தொலைக்காட்சியில் ப்ரூயிட் விளையாடுவதைப் பார்த்து இருவரும் கைதட்டுவார்கள். "உன்னைக் குடுத்து வாங்கினவன், அதனாலதான் இப்படி ஆடறான்" என்பாள் இவெட்.

முப்பது நாளும் முடிந்து, ஒரு திங்கள்கிழமை காலை ரோலண்ட் ஷூப் பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்கு வந்தான். மார்வா வாசலிலேயே காத்திருந்தாள். இருவரும் பேசிக்கொண்டே உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தார்கள். கதவருகில் உதவிக் கோச் ஒருவன் நின்றிருந்தான். ரோலண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், ஆனால் உள்ளே விடவில்லை. "கொஞ்சம் இருப்பா" என்று உள்ளே போனான். லிண்ட்ஹோம் வந்தார்.

"ரோலண்ட். இவெட் எப்படி இருக்காங்க?"

"இருக்கா. நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

லிண்ட்ஹோம் அவன் தோளில் கை வைத்தார். எட்டி வைக்க வேண்டியிருந்தது. "உன்னைச் சேர்க்க எனக்கும் ஆசைதான். ரூல் விடாது. லாக்அவுட்டுக்கு அப்புறம் போட்ட புது ஒப்பந்தத்துல அதை எடுத்துட்டாங்க. நாங்க அனுப்பின ஆளை அங்க நீக்கினா, இந்த சீசன்ல நாங்க திரும்ப எடுக்கக் கூடாது. முப்பது நாள்ங்கறதே இப்ப இல்லை."

ரோலண்ட் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி மார்வாவைப் பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போனான்.

முந்தின வருடம் முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் மல்லுக்கட்டி, அரங்கத்தைப் பூட்டிப்போட்டு, கடைசியில் புதிதாக ஒப்பந்தம் போட்டது மார்வாவுக்குத் தெரியும். அதில் என்ன மாறியது என்று அவளிடம் யார் சொன்னார்கள்? அவளும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

லிண்ட்ஹோம் பின்னாலேயே அவர் அறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவை அவளே சாத்தினாள்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"முப்பது நாள்னு நான் சொன்னேனா, மார்வா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்கதான் சொன்னீங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். பேனா மூடி, ஜன்னல், அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அடப் பாவி! பொய் என்று பிடித்துக்கொள்ள அதில் ஒரு சொல்கூட இல்லை. அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது. அவர் செய்ததெல்லாம் அவளைத் தடுக்காமல் அந்த வீட்டுக்கு அனுப்பியதுதான்.

"அவன் உங்களை நம்பினான், நம்பினதால இந்த ஊருக்கு ஒரு நல்லது நடந்திருக்கு" என்றார் லிண்ட்ஹோம், இதமாக. "அரங்கத்துல இப்ப டிக்கெட் கிடைக்கலை, பார்த்தீங்களா?"

வேலையை அவர் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாம். நாங்களானால் எறிந்திருப்போம் என்று இப்போது சொல்லுவது சுலபம். ரோலண்டுக்கு வேறு அணியில் ஓர் இடம் பிடிக்க வேண்டுமானால் அந்த மேஜையும் அந்தத் தொலைபேசியும் தேவை என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் அவள் போன் போடாத அணி இல்லை. இத்தனை வருடத்தில் தன் கையால் சாப்பிட்டுப் போனவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் பிடித்தாள். ரோலண்டுக்கு முப்பத்துநாலு வயசு, தேய்ந்த முட்டி. எல்லாரும் கையை விரித்தார்கள். இதற்குள் காப்பீடு முடியும் தேதி கிட்டே வந்துவிட்டது. கடைசியில் மேற்குக் கரை ஓரத்து அணி ஒன்றில் இருவர் காலை முறித்துக்கொள்ள, பத்து நாளுக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றார்கள். நாட்டின் அந்தக் கோடி. பத்து நாளுக்கு ஒப்பந்தம் போட்டால் காப்பீடு தொடரும். பிடித்திருந்தால் இன்னொரு பத்து நாள் தருவார்கள்.

ரோலண்ட் போகமாட்டேன் என்றான். இவெட் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "போ. இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்தா மருந்து வந்துடுமா? போய் எவனையாவது முட்டித் தள்ளிட்டு வா. மிஸ் மார்வா இருக்காங்க." அப்புறம் மார்வா பக்கம் திரும்பி, "இருப்பீங்கதானே?" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. மார்வாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

முதல் பத்து நாள் போய், இரண்டாவது பத்து நாளும் தந்தார்கள். பிறகு சீசன் முடியும்வரை என்றார்கள். மார்வா வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவாள். இவெட்டுக்கு முதலில் காய்ச்சல் வந்தது, பிறகு சளி, பிறகு மூச்சு. ஓர் ஏப்ரல் இரவு டாக்டரம்மா மார்வாவை வெளியே கூப்பிட்டு, அவர் புருஷனை வரச் சொல்லுங்கள் என்றாள். மார்வா கூப்பிட்டபோது அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் போய்ச் சொல்லி, அவன் விமான நிலையத்துக்கு ஓடுவதற்குள் கடைசி விமானம் கிளம்பிவிட்டது. முதல் விமானம் மறுநாள் காலையில், அதுவும் சிகாகோவில் மாறி வரவேண்டும்.

காலை, வார்டில் காப்பி கொண்டுவரும் நேரத்தில் இவெட் போய்விட்டாள். அவன் அப்போது வானத்தில் இருந்தான்.

முந்தின நாள் மில்லர்ஸ் ஜெயித்து, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்திருந்தார்கள். விமான நிலையம் பூராவும் நீலக் கொடி கட்டியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கைகொடுத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் நின்று எல்லாரையும் வரவேற்பாளோ அதே இடத்தில் மார்வா நின்றாள். ரோலண்ட் கூட்டத்தில் எல்லார் தலைக்கும் மேலே தெரிந்தான். இவெட் போன செய்தி சிகாகோவிலேயே அவனுக்குக் கிடைத்திருந்தது. யாரோ ஓர் ஆள் அவனை அடையாளம் கண்டு, "டீக்ஸ்! நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்க, பார்த்தியா!" என்று முதுகில் தட்டினான். அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்து வந்தான்.

காரில் முன் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். கார் நெடுஞ்சாலையில் ஏறியது. அவன் கத்தட்டும், திட்டட்டும், கண்ணாடியைக் குத்தி உடைக்கட்டும் என்று மார்வா மனசுக்குள் கெஞ்சினாள்.

"நான் தெரிஞ்சு செய்யலை, கண்ணு" என்றாள்.

"தெரியும்."

"ரூல் மாறினது எனக்கு சத்தியமா..."

"தெரியும், மிஸ் மார்வா. லிண்ட்ஹோம் சொல்லியிருந்தா நான் ஒரு வக்கீலைக் கேட்டிருப்பேன். நீங்க சொன்னீங்க."

எதிரே வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு, கொடி ஆட்டிக்கொண்டு போயின. மார்வாவுக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு ஓட்டினாள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"அவ கூட இருந்ததுக்கு நன்றி" என்றான் அவன். பிறகு, "ஏதாவது கேட்டாளா?" என்றான்.

அழுகிற எத்தனையோ பெண்களுக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லித் தேறிய வாய் அது. இந்த ஒரு தடவை அவள் உள்ளதைச் சொன்னாள்.

"'ரோலண்ட் எங்க'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கான், இதோ வாசல்ல வந்துட்டான்னு சொன்னேன்."

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். ரோலண்ட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதையும் நம்பியிருப்பா" என்றான்.